ஐந்து வரிப் பட்டியல்: நன்றிக் குறிப்பேட்டைச் சோதித்துப் பார்த்த கதை

காலையில் கண் விழித்தது. நண்பர்களின் தாராள மனம். மன உறுதியைத் தந்த கடவுள். அருமையான பெற்றோர். ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு.

கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பார்த்து, எவற்றுக்கெல்லாம் நன்றியோடு இருக்கிறீர்கள் என்று கேட்டபோது அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் எழுதிக் கொடுத்த வரிகளில் சில இவை. கேட்டவர்கள் இருவர். ஒருவர், டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ராபர்ட் எம்மன்ஸ். மற்றவர் மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மெக்கல்லா. இருவரும் மூன்று சோதனைகள் நடத்தி, முடிவுகளை 2003-ல் 'ஜர்னல் ஆஃப் பெர்சனாலிட்டி அண்ட் சோஷியல் சைக்காலஜி' இதழில் வெளியிட்டார்கள். தூங்கப் போகும் முன் அன்று கிடைத்த நல்லவற்றை எழுதுங்கள் என்று இன்று மருத்துவரும் சொல்கிறார், யோகா ஆசிரியரும் சொல்கிறார், கைபேசிச் செயலியும் சொல்கிறது. ஆராய்ச்சி நிரூபித்திருக்கிறது என்று அவர்கள் சேர்த்துக்கொள்ளும்போது, பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்தக் கட்டுரைதான்.

ஆனால் அதில் உண்மையாக என்ன நடந்தது என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள், அவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள், எது மாறியது, எது மாறவில்லை? நான் இங்கே எழுதுவது அதைப் பற்றியது. குறிப்பேட்டின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதைப் பற்றிப் பரவியிருக்கும் மிகைப்பேச்சின் மீது இல்லை.

முதல் சோதனை: வகுப்பறை

உடல்நல உளவியல் என்ற பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த 201 மாணவர்கள் முதல் சோதனையில் சேர்ந்தார்கள். படிவங்களைச் சரியாக நிரப்பாத ஒன்பது பேரை நீக்கியபின் 192 பேரின் விடைகள் கணக்கில் வந்தன. யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். குழுக்கள் மூன்று. முதல் குழுவினர் வாரம் ஒருமுறை, தாங்கள் நன்றி பாராட்டும் விஷயங்களை அதிகபட்சம் ஐந்து வரை எழுத வேண்டும். இரண்டாம் குழுவினர், அதே வாரத்தில் தங்களை எரிச்சலூட்டிய ஐந்து தொல்லைகளை எழுத வேண்டும். மூன்றாம் குழுவினர் நல்லது கெட்டது என்று பாராமல், தங்களைப் பாதித்த ஐந்து நிகழ்வுகளை எழுத வேண்டும். கூடவே எல்லோரும் மனநிலை, உடல் உபாதைகள், உடற்பயிற்சி நேரம், வாழ்க்கை மொத்தத்தில் எப்படிப் போகிறது, வரும் வாரம் எப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் போன்ற கேள்விகளுக்கு மதிப்பெண் இட வேண்டும்.

தொல்லைப் பட்டியலைப் படிப்பதில் ஒரு சுவை இருக்கிறது. வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. சமையலறை அலங்கோலமாகக் கிடக்கிறது, யாரும் சுத்தம் செய்வதில்லை. கையிருப்புப் பணம் வேகமாகக் கரைகிறது. முட்டாள்தனமாக வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவர் உடல்நல உளவியல் பாடத்தில் எழுதிய மோசமான தேர்வையே தொல்லையாக எழுதியிருக்கிறார். சோதனை நடந்ததே அந்த வகுப்பில்தான். இன்னொருவர் எழுதியது இது: நண்பனுக்கு ஓர் உதவி செய்தேன், அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறர் நன்றி காட்டாதது தொல்லைப் பட்டியலில் இடம்பெறுகிறது என்பதைக் கவனியுங்கள். நாம் காட்டாமல் விட்டது எந்தப் பட்டியலிலும் தானாக வந்து விழுவதில்லை. இதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

நிகழ்வுப் பட்டியல் வெறும் பட்டியல். முதலுதவி கற்றுக்கொண்டேன், காலணி அலமாரியைச் சுத்தம் செய்தேன், சாக்ரமெண்டோவுக்கு விமானத்தில் திரும்பினேன், இப்படி.

பத்து வார முடிவில் வந்த விடை என்ன? நன்றி எழுதியவர்கள், வாழ்க்கை மொத்தத்தில் எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு மற்ற இரு குழுவினரையும்விடச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். வரும் வாரத்தைப் பற்றிய எதிர்பார்ப்பும் சற்றுக் கூடுதல். தலைவலி, தலைச்சுற்றல், வயிற்றுவலி போன்ற உபாதைகள் கொஞ்சம் குறைவு. தொல்லை எழுதியவர்களோடு ஒப்பிட்டால், நன்றி எழுதியவர்கள் வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அதிகமாக உடற்பயிற்சி செய்ததாகச் சொன்னார்கள்.

'சற்று' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கான அளவுகோலில் ஏழு படிகள். குழுக்களுக்கு இடையிலான இடைவெளி அதில் அரைப் படிகூட இல்லை. புள்ளியியல் கணக்கில் அது தற்செயல் அல்ல, உண்மையான வித்தியாசம். ஆனால் யாருடைய வாழ்க்கையும் தலைகீழாக மாறிவிடவில்லை. 'நன்றி எழுதினால் 25 சதவீதம் மகிழ்ச்சி கூடும்' என்று எங்காவது படித்திருப்பீர்கள். அரைப் படிக்குக் குறைவான இந்த இடைவெளியையும் அந்தச் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகிழ்ச்சி, உற்சாகம், சோர்வு, எரிச்சல் என்று நாம் மனநிலை என்று பொதுவாகச் சொல்வதில், வாரம் ஒருமுறை எழுதியவர்களிடம் பெரிய மாற்றம் தென்படவும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை போதவில்லையோ என்ற ஐயத்தில்தான் ஆய்வாளர்கள் இரண்டாவது சோதனையில் தினமும் எழுதச் சொன்னார்கள்.

இரண்டாவது சோதனை: 'நமக்குக் கீழே'

இம்முறை இரண்டு வாரம், நாள்தோறும். எடுத்துக்கொண்ட 166 மாணவர்களில் 157 பேரின் விடைகள் கணக்கில் வந்தன. நன்றிக் குழுவும் தொல்லைக் குழுவும் அப்படியே இருந்தன. மூன்றாவது குழுதான் புதிது. பிறரைவிட நாம் எந்தெந்த வகையில் மேலாக இருக்கிறோம், அவர்களிடம் இல்லாத எவை நம்மிடம் இருக்கின்றன என்று யோசித்து எழுதச் சொன்னார்கள்.

நம் வீடுகளில் ஆறுதல் சொல்லும் முதல் வழியே இதுதானே. சைக்கிள் இல்லை என்று அழும் பிள்ளையிடம், செருப்பில்லாமல் நடப்பவர்களைப் பார் என்கிறோம். வாடகை வீடு சிறிது என்றால், கூரையில்லாதவர்களைக் காட்டுகிறோம். இதையும் நன்றியுணர்வு என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் இதையும் நன்றியையும் இரண்டு தனிக் குழுக்களாக நிறுத்திப் பார்த்தது, இந்த மூன்று சோதனைகளிலேயே புத்திசாலித்தனமான முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

நல்ல மனநிலை என்ற அளவில், நன்றிக் குழு தொல்லைக் குழுவைத் தெளிவாக முந்தியது. ஆனால் 'நமக்குக் கீழே' பார்த்தவர்களோடு வைத்துப் பார்த்தால் அப்படியொரு தெளிவான முந்தல் இல்லை. கீழே பார்த்தாலும் மனம் கொஞ்சம் இலேசாகத்தான் செய்கிறது. வித்தியாசம் வேறோர் இடத்தில் வந்தது. இன்று யாருடைய சொந்தப் பிரச்சினைக்காவது உதவினீர்களா, யாருக்காவது மனத்தளவில் ஆதரவாக இருந்தீர்களா என்ற கேள்விகளுக்கு, நன்றி எழுதியவர்களே மற்றவர்களைவிட அதிகமாக ஆம் என்றார்கள்.

இதற்கு என் விளக்கம் எளிமையானது. செருப்பில்லாதவரைப் பார்த்து என் செருப்பை நினைத்து நிம்மதி அடையும்போது, அவர் எனக்கு ஓர் அளவுகோலாக மட்டும் பயன்படுகிறார். அவருக்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்தச் செருப்பை வாங்கித் தந்தவரை நினைத்தால், மனம் ஒரு மனிதரிடம் போய் நிற்கிறது. உதவியதாக அவர்களே சொல்லிக்கொண்டதுதானே, யார் பார்த்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்றாவது சோதனை அதற்கு ஓரளவு விடை சொல்கிறது.

முதல் சோதனையில் தெரிந்த உபாதைக் குறைவும் கூடுதல் உடற்பயிற்சியும் இங்கே தென்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் போதாதது காரணமாக இருக்கலாம். அல்லது முதல் முடிவு அவ்வளவு உறுதியானதில்லை என்றும் இருக்கலாம்.

மூன்றாவது சோதனை: தசை தேய்ந்தவர்கள்

கல்லூரி மாணவர்களை வைத்து வாழ்க்கையின் எளிய வரங்களைப் பற்றிப் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. இருபது வயது, ஆரோக்கியமான உடல், எதிரே நீண்ட வாழ்க்கை. அவர்களுக்கு நன்றி சொல்ல என்ன குறை? மூன்றாவது சோதனையில் இடம்பெற்ற 65 பேரும் வேறு வகை. டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் நரம்புத்தசை நோய்ப் பிரிவின் வழியாக வந்தவர்கள். சராசரி வயது ஐம்பதை ஒட்டியது. பெண்கள் 44, ஆண்கள் 21.

சிலருக்குப் போலியோவுக்குப் பிந்தைய நோய். குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கி, மீண்டு, நடந்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, பல பத்தாண்டுகள் கழித்து அதே தசைகள் மறுபடியும் தளரத் தொடங்கும். ஒருமுறை வென்ற நோயிடம் நடுத்தர வயதில் இரண்டாம் முறை தோற்பது போன்றது அது. சிலருக்கு ஷார்கோ-மாரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய். முதலில் பாதத்திலும் கெண்டைக்காலிலும், பிறகு கைகளிலும் தசை மெலியும். சட்டைப் பொத்தானைப் போடுவதே வேலையாகிவிடும். வேறு சிலருக்கு இடுப்பையும் தோளையும் சுற்றிய தசைகள் தேயும் நோய். நாற்காலியிலிருந்து எழுவதற்கு யோசிக்க வேண்டிவரும். பெரும்பாலும் இவை மெதுவாக முன்னேறுபவை. முற்றாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. வலியும் அயர்ச்சியும் அன்றாடம்.

இவர்களில் ஒரு பகுதியினர் 21 நாட்கள், தினமும் நன்றிப் பட்டியல் எழுதினார்கள். மற்றவர்கள் பட்டியல் எதுவும் எழுதாமல், மனநிலை பற்றிய படிவத்தை மட்டும் நிரப்பினார்கள். இங்கே தொல்லைக் குழு இல்லை. நோயாளியிடம் போய் தினமும் உன் துன்பங்களை எழுது என்று சொல்லாமல் விட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நன்றி எழுதியவர்களிடம் நல்ல மனநிலை கூடியது. கெட்ட மனநிலை குறைந்தது. இந்தக் குறைவு மாணவர்களிடம் தெளிவாகக் காணாதது. வாழ்க்கை திருப்தியாக இருக்கிறது என்றார்கள், வரும் நாட்களை நம்பிக்கையோடு பார்த்தார்கள், பிறரோடு நெருக்கமாக உணர்ந்தார்கள். கூடுதல் நேரம் தூங்கினார்கள், எழும்போது புத்துணர்ச்சியோடு எழுந்தார்கள். தூக்கம் வந்தது சின்ன விஷயமல்ல. வலியோடு வாழ்பவரின் வீட்டில் இரவு எப்படிக் கழியும் என்பது பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்துக் கட்டில்காரரையும் ஆய்வாளர்கள் கேட்டார்கள். கணவன், மனைவி அல்லது நெருங்கியவர் ஒருவர், நோயாளியின் மனநிலையைத் தனியாக மதிப்பிட்டு அனுப்பினார். நன்றிக் குழுவினரின் துணைவர்கள், இவர் முன்பைவிட மகிழ்ச்சியாக, திருப்தியாகத் தெரிகிறார் என்று மதிப்பிட்டார்கள். தாங்களே தங்களைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இது ஒரு பதில். முழுப் பதில் ஆகாது. ஏனென்றால் கெட்ட மனநிலை குறைந்ததாக நோயாளிகள் சொன்னதைத் துணைவர்கள் உறுதிசெய்யவில்லை. புன்னகை கூடியதைப் பார்த்தார்கள். முணுமுணுப்பு குறைந்ததைப் பார்க்கவில்லை. நாற்பது வருடம் குடித்தனம் செய்தவர்கள் யாரும் இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

வலி குறையவில்லை. தசை திரும்பி வளரவில்லை. இதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் இந்தச் சோதனையைக் காட்டி 'நன்றியுணர்வு நோயைக் குணமாக்கும்' என்று மேடையில் முழங்குபவர்கள் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதோடு ஒப்பிட்டார்கள்?

கட்டுரை வெளியானபின் வந்த விமர்சனங்களில் வலுவானது ஒப்பீட்டைப் பற்றியது. அலெக்ஸ் வுட் உள்ளிட்டோர் 2010-ல் எழுதிய மதிப்பாய்வில் இதை நேராகச் சுட்டிக்காட்டினார்கள். ஒரு குழுவைத் தினமும் உட்காரவைத்துத் தொல்லைகளை எழுதச் சொன்னால், அவர்களின் மனநிலை கீழே இறங்கும். பிறகு நன்றிக் குழு அவர்களைவிட மேலே தெரிந்தால், ஏறியது இவர்களா, இறங்கியது அவர்களா?

டான் டேவிஸும் சக ஆய்வாளர்களும் 2016-ல் இத்தகைய பல சோதனைகளைச் சேர்த்துத் தொகுப்பாய்வு செய்தபோது இந்த ஐயம் பெருமளவு உறுதியானது. எதுவும் செய்யாமல் படிவம் மட்டும் நிரப்பியவர்களோடு ஒப்பிட்டால் நன்றிப் பயிற்சிக்கு நலன் இருக்கிறது. வேறு ஏதேனும் சாதாரணச் செயல் செய்தவர்களோடு ஒப்பிட்டால் நலன் சிறிது. மனநலத்துக்கென்றே வடிவமைத்த வேறு பயிற்சிகளோடு ஒப்பிட்டால் நன்றிக்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. 2021-ல் டேவிட் கிரெக், ஜெனிஃபர் சீவன்ஸ் இருவரும் மனச்சோர்வு, பதற்றம் இரண்டை மட்டும் எடுத்து 27 சோதனைகளை ஆராய்ந்தார்கள். பலன் உண்டு, சிறியது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேடுபவருக்கு நன்றிப் பட்டியலைப் பரிந்துரைக்க வேண்டாம், அதற்கென்று நிலைநாட்டப்பட்ட சிகிச்சைகளுக்கு அனுப்புங்கள் என்பது அவர்கள் கருத்து.

எனக்கு இந்த விமர்சனம் ஏமாற்றம் தரவில்லை. தலைகீழாகப் படித்தால் அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் ஆய்வுக்கூடத்தின் நடுநிலைக் குழுவில் வாழவில்லை. யாரும் சொல்லாமலே தொல்லைக் குழுவில் சேர்ந்து, மாலை வீடு திரும்பியதும் அன்றைய எரிச்சல்களை வாய்மொழியாகப் பட்டியலிடுபவர்கள். பஸ் வரவில்லை, மேலாளர் முறைத்தார், தண்ணீர் லாரிக்காரர் ஏமாற்றிவிட்டார். அப்படியென்றால், அந்தக் குழுவோடு வைத்து நடத்திய ஒப்பீடு வகுப்பறையில் குறைபாடாக இருக்கலாம். வீட்டு முற்றத்தில் பொருத்தமானதுதான்.

தினமுமா, வாரம் ஒருமுறையா?

'தினமும் எழுது' என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்று தேடினால், உறுதியான அடித்தளம் கிடைப்பதில்லை. சோனியா லுபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2005-ல் குறிப்பிட்ட ஒரு சோதனையில், ஆறு வாரங்கள் வாரம் ஒருமுறை வரங்களை எண்ணியவர்களின் மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எண்ணியவர்களிடம் கூடவில்லை. ஒரே பட்டியலைத் திரும்பத் திரும்ப எழுதினால் புளித்துப்போகிறது என்பது அவர்கள் ஊகம். ஒரே ஒரு சோதனையை வைத்துச் சட்டம் போட முடியாது. நரம்புத்தசை நோயாளிகளுக்குத் தினமும் எழுதியது பலன் தந்ததைத்தான் மேலே பார்த்தோம். ஆனாலும் இந்தப் புளிப்பு உண்மை. 'நல்ல குடும்பம், நல்ல வேலை, நல்ல உடல்நலம்' என்று பத்து நாள் எழுதிப் பாருங்கள். பதினோராம் நாள் கை எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும்.

புளிக்காமல் காக்க இரண்டு வழிகள் ஆய்வுகளில் தென்படுகின்றன. ஒன்று மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல் சோதித்தது. இணையம் வழியாக வந்தவர்களிடம் ஒரு வாரம் ஒவ்வோர் இரவும் அன்று நன்றாக நடந்த மூன்றை எழுதச் சொன்னார்கள். கூடவே ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணத்தையும். எழுதி முடித்த உடனே மகிழ்ச்சிக் கணக்கில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது, ஆறு மாதம் வரை நின்றது. ஒரு வாரம் முடிந்தபின் யாரும் கேட்காமலே பலர் தொடர்ந்து எழுதிவந்ததும் இதற்குக் காரணம். அதே ஆய்வில் இன்னொரு பயிற்சியும் இருந்தது. தனக்கு உதவி செய்து, தான் சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கொடுக்க வேண்டும். உடனடி மகிழ்ச்சியில் இதுவே எல்லாவற்றையும் மிஞ்சியது. மூன்று மாதத்தில் மறைந்தது. தினசரிப் பயிற்சிக்கும் திருவிழாவுக்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டும் வேண்டும் என்பேன்.

'ஏன் நடந்தது' என்ற கேள்வி சாதாரணமானதல்ல. 'சூடான காப்பி கிடைத்தது' என்று எழுதினால் அத்தோடு முடிந்தது. ஏன் கிடைத்தது என்று கேட்டால், இரவுப் பணி முடித்து வந்த அண்ணி தூங்கப் போகும் முன் டிகாக்ஷன் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது வரும். அந்த வரி நாளை அப்படியே திரும்ப வராது.

இரண்டாவது வழி கழித்தல். மின்கியுங் கூ உள்ளிட்டோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், துணையோடு வாழ்பவர்களில் ஒரு பகுதியினரை, நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதச் சொன்னார்கள். அந்த வேலைக்கு விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால், அந்தத் திருமணத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் என்பது போல. இரண்டாவது பகுதியினர்தான் தங்கள் உறவில் அதிகத் திருப்தியை உணர்ந்தார்கள். எது அதிக மகிழ்ச்சி தரும் என்று முன்கூட்டியே கேட்டால், பொதுவாக மக்கள் முதலாவதைத்தான் சொல்வார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. இருப்பதை எண்ணுவதைவிட, இது இல்லாமலும் போயிருக்கலாம் என்று எண்ணுவது கண்ணைத் திறக்கிறது.

கடன் என்ற கணக்கு

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. கிழக்கே அப்படியே பொருந்துமா? லேயஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013-ல் அமெரிக்க மாணவர்களையும் தென்கொரிய மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். பிறருக்கு நல்லது செய்யும் பயிற்சி இரு நாட்டவருக்கும் பலன் தந்தது. நன்றிக் கடிதம் எழுதும் பயிற்சி அமெரிக்கர்களுக்குத் தந்த அளவு கொரியர்களுக்குத் தரவில்லை. நன்றியை நினைக்கும்போதே திருப்பிச் செய்யாத கடனும் சேர்ந்து எழுந்து மனத்தை அழுத்துகிறது என்பது ஒரு விளக்கம். பெற்றோர் நகையை அடகு வைத்துப் படிக்கவைத்த பிள்ளைகள் நிறைந்த நம் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. 'அப்பாவுக்கு நன்றி' என்று எழுதி முடித்து இலேசான மனத்தோடு விளக்கை அணைக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

அந்தக் கடனைத் தவிர்க்காமல், அதையே நடுவில் வைத்த ஒரு முறை ஜப்பானில் இருக்கிறது. பெயர் நாய்க்கான். உருவாக்கியவர் யோஷிமோத்தோ இஷின் (1916–1988), நாரா பகுதியைச் சேர்ந்த வணிகர், ஜோதோ ஷின்ஷு பௌத்த மரபில் ஆழ்ந்த பற்று உடையவர். உணவும் நீரும் தூக்கமும் இல்லாமல் தன்னையே ஆராயும் மிஷிராபே என்ற கடுமையான பயிற்சியை இளமையில் மேற்கொண்டவர். பிறகு, பொதுமக்கள் செய்யக்கூடிய அளவுக்கு அதிலிருந்து கடுமையை நீக்கினார். ஒரு வாரம், அறையின் மூலையில் தடுப்புத் திரைக்குப் பின்னால் அமர்ந்து, வழக்கமாக அம்மாவிலிருந்து தொடங்கி, வாழ்க்கையைச் சில ஆண்டுகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவரிடமிருந்து நான் பெற்றது என்ன? இவருக்கு நான் திருப்பித் தந்தது என்ன? இவருக்கு நான் கொடுத்த தொந்தரவு என்ன? வழிகாட்டி அவ்வப்போது வந்து, கேட்டுவிட்டு, அறிவுரை சொல்லாமல் போய்விடுவார். ஜப்பானியச் சிறைகளிலும் இது பயன்பட்டது. வீட்டில் நாள்தோறும் சிறிது நேரம் செய்யும் வடிவமும் உண்டு.

நான்காவதாக ஒரு கேள்வி இருக்க வேண்டுமே என்று தோன்றும்: இவர் எனக்குக் கொடுத்த தொந்தரவு என்ன? அது வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அதில் நாம் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். நண்பன் நன்றி காட்டவில்லை என்று தொல்லைப் பட்டியலில் எழுதிய கலிபோர்னிய மாணவருக்கு இந்த மூன்று கேள்விகளைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எனக்கு ஆவல். யோஷிமோத்தோ மூன்றாவது கேள்விக்கே அதிக நேரம் ஒதுக்கச் சொன்னார். எல்லோருக்கும் இது ஏற்றதல்ல. வீட்டில் அடிவாங்கி வளர்ந்தவரிடம், ஏற்கெனவே குற்றவுணர்வில் மூழ்கியிருப்பவரிடம் இந்தக் கேள்வியைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. மற்றவர்களுக்கு, கடன் உணர்வை அழுத்தமாக வைத்துக்கொள்ளாமல் அதைக் கணக்காக எழுதிப் பார்க்க ஒரு வழி கிடைக்கிறது. திருப்பித் தந்தது என்ன என்ற இரண்டாவது கேள்விக்கு நாளை ஒரு வரி சேர்க்கலாமே என்று தோன்றினால், கொரிய மாணவர்களுக்குப் பலித்த 'நல்லது செய்யும்' பயிற்சியும் தானே உள்ளே வந்துவிடுகிறது.

வேலை செய்யும் இடத்தில்

ஆசியாவிலேயே நடந்த இன்னொரு சோதனை, நடைமுறைக்கு மிக அருகில் இருக்கிறது. ஹாங்காங்கின் பொது மருத்துவமனைகளைச் சேர்ந்த 102 மருத்துவப் பணியாளர்களை வைத்துச் செங், சூய், லாம் மூவரும் 2015-ல் வெளியிட்டது. ஒரு குழு வேலையில் நன்றியோடு நினைப்பவற்றை எழுதியது, ஒரு குழு வேலைத் தொல்லைகளை எழுதியது, ஒரு குழு எதுவும் எழுதவில்லை. நாள்தோறும் இல்லை, வாரம் இரண்டு முறை, நான்கு வாரங்கள். நன்றி எழுதியவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் மன அழுத்தமும் குறைந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குறைவு நீடித்தது. எதுவும் எழுதாத குழுவும் சேர்ந்திருந்ததால், 'ஏறியது யார், இறங்கியது யார்' என்ற பழைய கேள்விக்கு இந்தச் சோதனை தப்பிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, நம் ஊர் நிர்வாகி ஒருவர் எல்லாப் பணியாளருக்கும் நன்றிக் குறிப்பேடு வாங்கிக் கொடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் சரிபார்க்கத் தொடங்குவார் என்ற அச்சம் எனக்கு உண்டு. பள்ளிகளில் இது வீட்டுப்பாடமாகவே மாறலாம். லுபோமிர்ஸ்கி குழுவினர் 2011-ல் வெளியிட்ட இன்னொரு சோதனை இங்கே பொருந்தும். மகிழ்ச்சியைக் கூட்டும் பயிற்சி என்று தெரிந்து, தாங்களே விரும்பிச் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம்; வேறு ஏதோ ஆய்வு என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம். இரு தரப்பும் அதே பயிற்சியை அதே காலத்துக்குச் செய்தன. விரும்பி வந்தவர்களுக்கே கூடுதல் பலன். சம்பளம் இரண்டு மாதம் தாமதமான அலுவலகத்தில் நன்றிக் குறிப்பேட்டை நீட்டினால், ஊழியர்கள் அதில் ஐந்து வரி எழுதத்தான் செய்வார்கள். அவை எந்த வகை வரிகளாக இருக்கும் என்பதை அந்த நிர்வாகி படித்துத் தெரிந்துகொள்ளப் போவதில்லை.